கோபத்தேனீயைக் காணவில்லை

துணுக்காய்க் கமக்காரர் அமைப்பின் பொதுநோக்கு மண்டபத்தில் தாட்சாயினி காலையிலிருந்து ஒரே கதிரையில் இருந்தாள். அவளுக்கு முன்னால் இரண்டு கணினிகள். ஒன்று அவள் கிளிநொச்சியிலிருந்து கொண்டுவந்த லினக்ஸ் மடிக்கணினி. அதற்குள் தேனீக்கள் நன்றாக இரைந்தன. மற்றது அமைப்புக்கு யாரோ அன்பளிப்புச் செய்த விண்டோஸ் கணினி. அது வாயே திறக்கவில்லை.

யானைகளுக்குத் தேனீ ஆகாது. போன போகம் அமைப்புக்காரர் தேனீச் சத்தத்தைப் பதிவு செய்து வேலியோரம் ஸ்பீக்கரில் போட்டார்கள். முதல் கிழமை யானைகள் ஒதுங்கிப் போயின. அதே இரைச்சல் அதே மாதிரித் திரும்பத் திரும்ப வருவதை விளங்கிக்கொண்டதும், ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்று நெல்லைத் தின்றன. அதனால்தான் செயலாளர் யோகநாதன் தாட்சாயினியைத் தேடிப் போனார். மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை செய்யும் அவளுக்கு, ஒலியை எழுதியே உருவாக்கக்கூடிய ஒரு நிரல்மொழியில் பைத்தியம். தேனீக்கூட்டம் ஒவ்வொரு முறையும் வேறு விதமாக இரையும்படி அவள் நிரல் எழுதினாள். அது சுலபமாக முடிந்தது. தன் கணினியைத் தவிர வேறொன்றில் அதை ஓட வைப்பதுதான் முடியவில்லை.

"ஒரு மொழியிலைதானே எழுதினனீர் பிள்ளை? பிறகேன் ஒண்டு கதைக்குது, மற்றது கதைக்குதில்லை?" என்று யோகநாதன் கேட்டார்.

"மொழி ஒண்டுதான் அண்ணை. வீடுதான் வேறை. ஒவ்வொரு வீட்டிலையும் அலுமாரி ஒவ்வொரு மூலையிலை கிடக்கு."

முதல் தொல்லை கோப்புகள் இருக்கும் பாதை. லினக்ஸில் ஒரு விதம், விண்டோஸில் இன்னொரு விதம். இடையில் வரும் சாய்வுக்கோடுகூட எதிர்ப்பக்கம் சாய்ந்தது. நிரல் ஓடத் தொடங்கும்போதே எந்த இயங்குதளம் என்று விசாரித்து, அதற்கேற்ற பாதையில் போகும்படி திருத்தினாள். சத்தம் வந்தது. ஆனால் வேலிக்குப் போகாமல் மொனிட்டருக்குள் இருந்த சின்ன ஸ்பீக்கரில் கீச்சிட்டது. வேலி ஸ்பீக்கர்கள் பொருத்தியிருந்த சவுண்ட் கார்ட் ஒன்றுதான். விண்டோஸ் அதை மூன்று பெயர்களில் காட்டியது. ஒன்றைத் தெரிவு செய்தால் சத்தம் விட்டு விட்டு வந்தது. இன்னொன்றைத் தெரிவு செய்தால் வரவே இல்லை. மூன்றாவது சரிவந்தபோது மத்தியானம் கடந்திருந்தது. யோகநாதனின் மனைவி கமலாசனி கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறி ஆடை படிந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து றிபாஸ் முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். கலியாண வீடியோ எடுப்பவன். காட்டோரத்தில் ஒரு தேன்கூட்டைக் கலைத்துவிட்டு, குத்து வாங்கிக்கொண்டே பதிவு செய்த சத்தத்தைத் தன் அப்பிள் மக் கணினியில் துப்புரவாக்கி, அதற்குக் 'கோபத்தேனீ' என்று பெயரும் வைத்து, சிப் கோப்பாகச் சுருக்கி முதல்நாளே தாட்சாயினிக்கு அனுப்பியிருந்தான். யானை கிட்ட வந்தால் அந்தச் சத்தமும் இரைச்சலோடு கலக்க வேண்டும். அவள் கோப்பை இரண்டு கணினிகளிலும் போட்டு நிரலை ஓட்டினாள். இரண்டும் ஒரே பதிலைச் சொல்லின: கோபத்தேனீ என்ற கோப்பு இல்லை.

"இருக்குதே. கண்ணுக்கு முன்னாலை கிடக்கு," என்றார் யோகநாதன்.

தாட்சாயினி நிரலில் பெயரை அழித்து மறுபடி எழுதினாள். கோப்பை வேறு இடத்துக்கு மாற்றினாள். கணினியை நிறுத்தி மறுபடி இயக்கினாள். இல்லை, இல்லை, இல்லை. கடைசியில் ஆத்திரத்தோடு, இரண்டு பெயர்களிலும் எத்தனை குறிகள் இருக்கின்றன என்று எண்ணச் சொன்னாள். அவள் நிரலில் எழுதிய கோபத்தேனீயில் ஒன்பது. றிபாஸ் அனுப்பியதில் பத்து.

"உம்மடை மக் 'கோ'வைப் பிரிச்சுப்போட்டுது," என்றாள். "எனக்கு அந்த ஓகாரம் ஒரே குறி. அங்கை முன்னாலை வாற கொம்பு ஒண்டு, பின்னாலை வாற கால் ஒண்டு எண்டு ரெண்டாக் கிடக்கு. பாக்க ஒரே எழுத்து. இதுகளுக்கு வேறை வேறை."

"அப்ப இங்கிலீசிலை பேரை மாத்துங்கோ அக்கா. ரெண்டு நிமிச வேலை."

"மாத்தமாட்டன்."

"நான் வச்ச பேர்தானே, எனக்கு ஒண்டுமில்லை."

"எனக்கு இருக்கு. இண்டைக்கு இதை மாத்தினால் நாளைக்கு அண்ணை 'கோடை' எண்டொரு கோப்புப் போடுவார். திரும்பவும் நிண்டிடும். தமிழிலை பேர் வைக்காதையுங்கோ எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரியவோ?"

"தேனீ குத்தினதே பரவாயில்லை," என்று சொல்லிவிட்டு றிபாஸ் வெளியே போய் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றான். எந்த இயங்குதளத்திலிருந்து எந்தப் பெயர் வந்தாலும், பிரிந்திருக்கும் குறிகளை முதலில் ஒட்டிவிட்டுப் பிறகு தேடும்படி தாட்சாயினி எழுதத் தொடங்கினாள். பின்னேரம் முழுவதும் அதற்கே போயிற்று. எழுதும்போது, அந்த எழுத்தைப் பிரித்தவர்களையும் பிரிக்காமல் விட்டவர்களையும் சேர்த்து மனதுக்குள் திட்டினாள்.

வெயில் இறங்கும்போது வேலி நெடுக ஸ்பீக்கர்கள் ஒன்றாக இரைந்தன. யோகநாதன் எழுந்து நின்றார். தோட்டத்தில் மிளகாய் பிடுங்கிக்கொண்டிருந்த கமலாசனி, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடிவந்தாள். விசயம் விளங்கியதும் எல்லோரையும் பொதுவாக ஏசிவிட்டுப் போனாள். றிபாஸ் விழுந்து விழுந்து சிரித்தான். தாட்சாயினிக்குச் சிரிக்கத் தெம்பு இருக்கவில்லை. கையைத் தலைக்குக் கொடுத்துக் கண்ணை மூடி, அந்த இரைச்சலைக் கேட்டபடி இருந்தாள்.

அடுத்த கிழமை அவள் வேலையில் இருந்தபோது யோகநாதன் தொலைபேசியில் அழைத்தார்.

"நேற்றுப் பொழுதுபட வந்ததுகள் பிள்ளை. குளக்கட்டாலை இறங்கி வந்து காதை அடிச்சுக்கொண்டு நிண்டதுகள். கொஞ்சத்தாலை திரும்பிக் காட்டுக்குள்ளை போயிட்டுதுகள். ஒரு தட்டு நெல்லும் தொடேல்லை."

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "உண்மையாவோ அண்ணை?"

"ஓம். என்ரை கண்ணாலை கண்டனான்." அவர் குரலைத் தணித்தார். "இன்னொரு கதை. கொம்பியூட்டர் இங்கிலீசிலை என்னமோ கேட்டுது. ஓம் எண்டு அமத்தினனான். இப்ப ஒரு வட்டம் சுத்திக்கொண்டு நிக்குது."

"எப்ப இருந்து?"

"விடியலிலை இருந்து."

தாட்சாயினி மேசைக்குக் கீழே கிடந்த பையை இழுத்தாள்.

"வேறை ஒண்டையும் அமத்தாதையுங்கோ அண்ணை," என்றாள். "வாறன்."