பதின்மூன்றாம் மாதத்துப் பிள்ளை

"இந்தப் பேர்ல பிள்ளையே கிடையாது" என்று ஆலையின் பிள்ளைக் காப்பகத்து அம்மாள் மூன்றாவது தடவையாகச் சொன்னபோது, அந்தப் பிள்ளை ஜெனெபெச்சின் முதுகில் கிடந்து தும்மினான்.

திரையில் படிவம் திறந்துதான் இருந்தது. பிள்ளையின் பெயர், தாயின் பெயர், பிறந்த தேதி, போட்ட தடுப்பூசிகள் என்று வரிசையாகக் கட்டங்கள். எல்லாம் வெள்ளை வெளேரென்று கிடந்தன. ஜெனெபெச் எட்டி எட்டிப் பார்த்தாள். அடாமா நகரத்தின் அந்தப் போர்வை ஆலையில் கம்பளிச் சிக்கெடுக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. பேறுகால விடுப்பு முடிந்து திரும்பி ஒரு வாரம்தான் ஆகிறது. இயந்திரத்துக்குப் பக்கத்தில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு நிற்கக்கூடாது, அந்தத் தூசி பச்சைப் பிள்ளைக்கு ஆகாது என்று மேற்பார்வையாளர் கறாராகச் சொல்லிவிட்டார். நியாயம்தான், யார் இல்லையென்றது? திங்கட்கிழமைக்குள் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும், அல்லது பிள்ளையைத் தூரத்து வோலோவில் இருக்கும் மாமியாரிடம் அனுப்பிவிட வேண்டும். புருஷன் ஜிபூட்டிக்கு லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பான். அவன் சம்பாத்தியம் வாடகைக்கே சரியாகப் போகும். வேலையை விட முடியாது. பால்குடி மறக்காத பிள்ளையை அனுப்பவும் முடியாது.

கடைசியில் ஹப்தாமுவைக் கூப்பிட்டார்கள். ஆலையில் கணினி சம்பந்தமாக எது கெட்டாலும் அவன் தலையில்தான் விடியும். நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. வறுத்த பார்லியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் கொறிப்பான்.

"காஷே, என் பிள்ளை உங்க பெட்டியில இல்லையாம்" என்றாள் ஜெனெபெச். வயதில் மூத்தவன் என்பதால் காஷே.

"இருப்பான்மா. எங்க போயிடப் போறான்? உன் முதுகுல இருக்கான்ல."

காப்பகத்துப் படிவத்தைச் செய்தவனே அவன்தான். பிள்ளைகளின் விவரங்களை ஆலை தனியாக எழுதி வைக்கவில்லை. நகரத்துச் சுகாதார நிலையத்தின் தரவுத்தளத்தில் அவை ஏற்கெனவே இருந்தன. பேசி அனுமதி வாங்கி, அங்கே இருப்பதை இங்கே படிவத்தில் தெரியும்படி இணைத்திருந்தான். பக்கத்து வீட்டுத் தோட்டத்தை நம் ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி. பார்க்கலாம், பூப்பறிக்கக் கூடாது. ஹப்தாமு படிவத்தை ஓரங்கட்டிவிட்டு நேரே அந்த அட்டவணைக்குள் போய்த் தேடினான். பிள்ளை இருந்தான். ருஃபாயெல், தாய் ஜெனெபெச், போட்ட ஊசிகள், பிறந்த தேதி 3, மாதம் 13.

"அட கெடுவாய்" என்று தன்னையே வைதுகொண்டான்.

எங்கோ தூர தேசத்தில் செய்து விலைக்கு வாங்கிய மென்பொருள் அது. அதற்குப் பன்னிரண்டுக்கு மேல் மாதம் எண்ணத் தெரியாது. இந்த நாட்டுக் கணக்கில் பன்னிரண்டு மாதமும் முப்பது முப்பது நாளாகப் போனபின் வருஷக் கடைசியில் மிஞ்சும் ஐந்தாறு நாட்களுக்குப் பகுமே என்று ஒரு குட்டி மாதம் இருப்பதை அதற்கு யார் சொல்வது? பதின்மூன்று என்று கண்டதும் அது தேதியே இல்லையென்று அந்தப் பிள்ளையையே விழுங்கிவிட்டது. ஆலைத் தொழிலாளர்களின் பதிவிலும் இதே தொல்லை வந்ததுண்டு. அப்போது ஹப்தாமு பகுமேயில் பிறந்தவர்களையெல்லாம் ஓசைப்படாமல் புத்தாண்டு அன்று பிறந்தவர்களாக மாற்றிவிட்டான். ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் அது சொந்த வீட்டுத் தோட்டம். இங்கே மாற்ற வேண்டுமென்றால் சுகாதார நிலையத்து நர்ஸ் வுபித் மனசு வைக்க வேண்டும்.

சனிக்கிழமை மதியம் இருவரும் போனார்கள். வுபித்தை ஊரே எத்தியே என்றுதான் கூப்பிடும், மூத்த அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி. காபி வறுக்கிற புகைக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். முதல் சுற்றுக் காபி குடித்து முடிக்கும் வரை விஷயத்தைப் பேச விடவில்லை. பேசியதும் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஏன்டா, உன் பெட்டிக்கு எண்ணத் தெரியலன்னா பிள்ளை பொறந்த நாளை மாத்தணுமா?"

"மூணு நாள்தானே எத்தியே. புத்தாண்டுல பொறந்தான்னு வச்சுக்கிட்டா யாருக்கு என்ன நஷ்டம்?"

"இவன் நீலமா வந்தான்டா. மூச்சில்ல. பகுமே மூணு ருஃபாயெல் தேவதூதர் நாளாச்சே, வெளியில அந்த மழை கொட்டுது. தெருப் பிள்ளைங்க எல்லாம் புண்ணியத் தண்ணின்னு நனைஞ்சு கூத்தடிக்குது. எனக்கு என்ன செய்யிறதுன்னு தெரியல. செய்யிறதெல்லாம் செஞ்சாச்சு. ஜன்னல் வழியா கையை நீட்டி, அந்தத் தண்ணியை ஏந்தி இவன் மூஞ்சில அடிச்சேன். கத்தினான் பாரு." சற்று நிறுத்தினாள். "அப்புறம் மூணு நாள் இவ காய்ச்சல்ல கிடந்தா. நான்தான் மடியில வச்சுக்கிட்டிருந்தேன். புத்தாண்டுல பொறந்தான்னு எழுதினா, அந்த மூணு நாளும் நான் யாரைடா வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்?"

ஹப்தாமு பையிலிருந்த பார்லியை எடுத்து, வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தான். ஜெனெபெச் பிள்ளையை முன்னால் இழுத்து மடியில் கிடத்திக்கொண்டாள்.

"நாள் போனாப் போகட்டும் எத்தியே. எழுதிடுங்க. நீங்க காப்பாத்திக் குடுத்த பிள்ளை, என்கூட இருக்கட்டும்."

வுபித் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மூலையில் இருந்த கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். பிள்ளையின் வரியைத் தேடி எடுத்தாள். விரல் விசையின்மேல் போய் நின்றது. அங்கேயே நின்றது. கோபக்காரி என்று ஊரெல்லாம் பெயரெடுத்த அந்தப் பெண்பிள்ளையின் தோள் லேசாக ஆடுவதை ஹப்தாமு பார்த்தான். அவனுக்குத் தாங்கவில்லை.

"வேணாம் எத்தியே. எழுந்து வாங்க. நான் பார்த்துக்கறேன்."

"திங்கட்கிழமைக்குள்ள ஆகுமா காஷே?" என்றாள் ஜெனெபெச்.

"ஆகும்" என்றான். எப்படி ஆகும் என்று அவனுக்குத் துளியும் தெரியாது. சொல்லிவிட்டு வெளியே வந்து, ஏன்தான் வாயைக் கொடுத்தோமோ என்று நொந்துகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையே ஆலைக்குப் போய்விட்டான். மென்பொருளுக்குப் பதின்மூன்றாம் மாதத்தைக் கற்றுக்கொடுக்கப் பார்த்தான். அது மசியவில்லை. கற்றுக்கொடுத்த இடத்தில் சரியாகி வேறு நாலு இடத்தில் கோணிக்கொண்டது. மத்தியானம் பசித்தது. இருந்த இன்ஜெரா அப்பத்தைப் பிய்த்துத் தின்றபடி வெள்ளைக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் உறைத்தது. இந்தக் காப்பகத்துக்குத் தேதியை வைத்துக் கூட்டிக் கழிக்க என்ன இருக்கிறது? எந்த அறையில் பிள்ளையைப் படுக்க வைப்பது என்பது ஒன்றுதான். அதைக் காப்பகத்து அம்மாள் கையாலேயே போட்டுக்கொள்ளலாம். மற்றபடி அங்கே எழுதியிருப்பது இங்கே தெரிந்தால் போதும். தேதியைத் தேதி என்று கேட்டதுதானே வினை! வெறும் எழுத்தாகக் கேட்டான். அங்கிருந்து இம்மி பிசகாமல் அப்படியே வந்தது. ருஃபாயெல், 3, மாதம் 13.

சந்தோஷத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான். ருஃபாயெலுக்குக் கீழே, இதுவரை படிவத்தில் தெரியாமலிருந்த இன்னும் இரண்டு பிள்ளைகள் வந்திருந்தார்கள். இரண்டும் பகுமே. இரண்டு தாய்மாரும் போன மாதமே வேலையை விட்டு நின்றுவிட்டவர்கள். ஏன் நின்றார்கள் என்று ஆலையில் யாரும் கேட்கவில்லை. ஹப்தாமுவும் கேட்கவில்லை. அந்தப் பெயர்களைப் பார்த்தபடி வெகுநேரம் வெட்கமாக உட்கார்ந்திருந்தான். பிறகு, பிள்ளையைச் சேர்க்கலாம் என்று சொல்ல, வீட்டு விலாசங்களைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஒருத்தி ஊரிலேயே இருந்தாள். இன்னொருத்தி பிள்ளையோடு தன் ஊருக்கே போய்விட்டாள் என்றார்கள் பக்கத்து வீட்டில்.

திங்கட்கிழமை காலை காப்பகத்து அம்மாள் பெயரைத் தட்டியதும் கட்டங்கள் மளமளவென்று நிறைந்தன. மற்றப் பிள்ளைகளின் படிவத்தில் பன்னிரண்டுக்குள் எண்கள் நின்ற மாதக் கட்டத்தில் இவனுக்கு மட்டும் பதின்மூன்று. "பகுமேயா? மழைப்பிள்ளை" என்று சிரித்துக்கொண்டே அந்த அம்மாள் கைகளை நீட்டினாள்.

ஜெனெபெச் முதுகுத் துணியின் முடிச்சை அவிழ்க்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிள்ளை கை மாறினான். அழவில்லை. புது அம்மாளின் காதணியைப் பிடித்துப் பார்த்தான். அவன் அழாததுதான் அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

"போம்மா, சங்கு ஊதிடும். பால் குடுக்கப் பத்து மணிக்கு வந்தாப் போதும்" என்றான் கதவருகே நின்ற ஹப்தாமு.

தலையை ஆட்டினாள். துணியை மடிக்க மறந்து, அப்படியே தோளைச் சுற்றிக் கட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அவள் வேகமாக, உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து நடந்தாள். இடது கை மட்டும் பின்னால் போய், தொய்ந்து கிடந்த அந்தத் துணியின் அடிப்பக்கத்தைத் தாங்கி, மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டே போனது.