கடலில்லாத டென்மார்க்

பிலுண்ட் விமான நிலையத்தின் கதவு திறந்தபோது முதலில் வெளியே வந்தது சபாரத்தினத்தின் வயிறு. அவனுக்கு வயிறே கிடையாது. நான் அறிந்த நாளிலிருந்து தடிபோல இருக்கிறவன். மலிவு விமானத்தில் ஒரு கைப்பைக்கு மட்டும்தான் இடம் என்றபடியால், நீளக் காற்சட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று போட்டு, மேலே இரண்டு சுவெற்றரும் ஒரு மழைக்கோட்டும் போட்டு, மழைக்கோட்டின் எல்லாப் பைகளிலும் வறுத்து அரைத்த மிளகாய்த்தூளை நிரப்பிக்கொண்டு வந்திருந்தான். அப்போது ஓகஸ்ட் மாதம். லண்டனில் சோதனைக்கு நின்ற நாய் அவனை ஒருதரம் மோந்துவிட்டு அந்த இடத்திலேயே வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னான். நான் நம்பினேன். அந்த நாய் பிறகு ஒரு பூக்கடையில் வேலைக்குச் சேர்ந்ததாக எனக்கு வேறு இடத்திலிருந்தும் தகவல் வந்தது.

அவனுக்குப் பின்னால் சூசைதாசன் வந்தான். ஒரு சின்னப் பை. நான் கையை நீட்டினேன். பிடித்தான், விட்டான்.

நாங்கள் மூன்று பேரும் ஒரே குளிர்காலத்தில் அகதிகளாக டென்மார்க்கின் ஸ்கீவ நகரத்துக்கு வந்து, ஒரே அறையில் ஒரே கம்பளிக்குச் சண்டை பிடித்தவர்கள். டெனிஷ் பாஸ்போட் கிடைத்ததும் அவர்கள் இரண்டு பேரும் லண்டனுக்குப் போய்விட்டார்கள். மட்டக்களப்பான் நான் மட்டும் பன்றி இறைச்சித் தொழிற்சாலையிலேயே கிடந்து பென்சன் எடுத்தேன். சூசை மன்னார்க் கடற்கரையில் பிறந்தவன். தாய் இல்லாத அவனை வளர்த்தது அக்கா பவளராணி. அக்காவும் அவளுடைய குடும்பமும் போரின் கடைசி மாதங்களில் சண்டைக்குள் அகப்பட்டுக் கிழக்குக் கடற்கரை மணலில்தான் நின்றார்கள். வைகாசியில் போர் முடிந்தது. அதற்குப் பிறகு அக்காவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. முகாம்களில் தேடியவர்கள் இல்லை என்றார்கள். இல்லை என்றால் என்ன என்று ஒருவரும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவன் மீன் தின்பதை விட்டான். பிறகு கதைப்பதையும் விட்டான். அவன் மனைவி மேரிகிறேஸ் எனக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, இந்த மனுசன் தேத்தண்ணி வேணுமெண்டாலும் கப்பைத்தான் தூக்கிக் காட்டுது. மச்சாளின்ர பேரைச் சொன்னா எழும்பிப் போயிடுது. சபாரத்தினம் அண்ணை ஏதோ மலிவு ரிக்கற் இருக்கெண்டுறார். ரெண்டு நாள் வச்சிருந்து ஒரு கதை கதைக்க வச்சு அனுப்புங்கோ. ஒண்டு காணும்."

"ஒண்டென்ன, ஒரு மூட்டை கட்டி அனுப்புறன் தங்கச்சி."

"கடலை மட்டும் காட்டிப்போடாதேங்கோ அண்ணை. ரீவீல கடல் வந்தாலே அறைக்குள்ள போயிடுறார்."

"அதுக்கு நீ ஒண்டும் யோசிக்காத. டென்மார்க்கில கடலே இல்ல."

என் வாழ்நாளில் எத்தனையோ விசயங்களை முகம் மாறாமல் சொல்லியிருக்கிறேன். அவற்றில் இதுதான் பாரமானது. இந்த நாட்டில் எந்தத் திசையில் கார் ஓட்டினாலும் ஒரு மணித்தியாலத்தில் சக்கரம் நனையும். நித்திரையில் புரண்டு படுத்தால் சுவீடனில் எழும்பியவர்கள் இருக்கிறார்கள். ஒருவரை நானே பஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினேன்.

ஆனாலும் வாக்குக் கொடுத்தாயிற்று. மனைவி தங்கராணி ஹ்விடோவ்ரேயில் இருக்கும் மகளிடம் போயிருந்தாள். கார் என் கையில் இருந்தது. வரைபடத்தில் நீலம் குறைந்த இடமாகத் தேடி, நாட்டின் நடுவில் உள்ள மலைக்கு இருவரையும் கூட்டிப்போனேன். அதற்கு வானமலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கறையான் புற்று அதற்கு அண்ணன் முறை. ஏறுகிறோம் என்று தெரியாமலே உச்சிக்கு வந்துவிட்டோம். அங்கிருந்து பார்த்தால் கீழே பெரிய தண்ணீர். அதில் ஒரு கப்பல் புகை விட்டுக்கொண்டு போனது.

சூசை நின்றுவிட்டான்.

"அது குளம்," என்றான் சபாரத்தினம் அவசரமாக. உண்மையிலேயே அது குளம்தான். ஆனால் அவன் சொன்னதால் பொய்போல இருந்தது.

"ஓம் மச்சான், குளத்துக் கப்பல்," என்றேன் நான். "வயலுக்குத் தண்ணி பாய்ச்சுற கப்பல்."

சூசை என்னை ஒருதரம் பார்த்தான். முன்பென்றால் அந்தப் பார்வைக்குப் பின்னால் ஒரு தூசணம் வரும். வரவில்லை. எனக்குத் தூசணம் கேட்க அவ்வளவு ஆசையாக இருந்தது அன்றுதான்.

தங்குமிடம் சபாரத்தினத்தின் பொறுப்பு. இன்ரநெற்றில் ஆக மலிவான மரக்குடிசையைப் பிடித்திருந்தான். படத்தில் ஒரு பைன் மரம் மட்டும் தெரிந்தது. மரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அந்த விலையே சொல்லியிருக்கவேண்டும். பொழுதுபடுகிற நேரம் ஸ்கீவவுக்கு வடக்கே ஒரு சின்னத் துறைமுகத்தில் கார் நின்றது. மரத்துக்குப் பின்னால், நிலத்துக்குள் நீளமாக நுழைந்த லிம்ஃபியோர்ட் என்ற நீர்ப்பரப்பு முழுவதும் பளபளவென்று கிடந்தது. சூசை இறங்கினான். பார்த்தான். குடிசைக்குள் போய்த் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

சபாரத்தினம் என்னைத் தண்ணீர்க் கரைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"டேய் மாமாங்கம், கடல் இல்லையெண்டாயே!"

"இது கடலில்ல. ஃபியோர்ட்."

அவன் குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தான். "உப்பு கரிக்குதடா."

"கொஞ்சம்தானே?"

"அப்ப கொஞ்சம் கடல்," என்றான். அத்தோடு எங்களுக்கு வேறு யோசனை இல்லாமல் போய்விட்டது.

காலையில் ஆரவாரம் கேட்டு வெளியே வந்தேன். இறங்குதுறை முழுவதும் ஆட்கள். வெள்ளைக்காரரில் சின்னது பெரிது என்று எல்லாரும் குப்புறக் கிடந்து, நூலின் நுனியில் உடுப்புக் கவ்வி ஒன்றைக் கட்டி, கவ்வியில் மட்டிச் சதையைச் செருகித் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருந்தார்கள். இழுத்தால் நண்டு. உள்ளங்கை அகலத்தில் பச்சை நண்டு. வாளிகள் நிறைந்துகொண்டிருந்தன.

சபாரத்தினத்தின் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு காலமும் இந்தச் சனத்தைத் தப்பா நினைச்சிட்டமடா. எங்களைப்போல நல்ல சனம். ஊரே கூடிக் கறிக்கு நண்டு பிடிக்குது."

நான் அப்போதே இருபது வருடத்துக்கு மேலாக இந்த நாட்டில் இருந்தவன். சனிக்கிழமைகளில் ஓவர்டைம் செய்தே காலம் போய்விட்டதால் கோடையில் ஒரு துறைமுகத்தை எட்டிப் பார்த்ததில்லை. அவன் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது. குடிசை வாசலில் காஸ் அடுப்பை மூட்டி, பெரிய சட்டியை வைத்து, வெங்காயத்தையும் பூண்டையும் கறிவேப்பிலையையும் வதக்கி, அவன் கோட்டுப்பையிலிருந்து தூளை எடுத்துக் கொட்டினோம். தேங்காய்ப்பாலும் ஊற்றினோம். அந்த வாசம் ஃபியோர்டின் மறுகரைக்குப் போய், அங்கே படுத்திருந்த மாடுகள் எழுந்து வரிசையாக நின்றன. பிறகு சபாரத்தினம் நூலும் கவ்வியும் இரவல் வாங்கி ஐந்தாறு நண்டு பிடித்துவந்தான்.

அந்த நேரம்தான் இங்கர் என்ற கிழவி வந்தாள். எண்பது வயது இருக்கும், கப்பல்காரத் தொப்பி, கையில் ஒரு நண்டு, பூனைக்குட்டியைப்போல. அவள் சட்டியைப் பார்த்தாள். சபாரத்தினத்தின் வாளியைப் பார்த்தாள். திரும்பவும் சட்டியைப் பார்த்தாள்.

"பந்தயத்துக்கு முன்னால் இதற்குள்ளா விடுவீர்கள்?" என்று டெனிஷில் கேட்டாள்.

சுற்றிவரப் பார்த்தேன். துறைமுகத்தில் தண்ணீரை நோக்கிச் சரிந்த நீளப் பலகை ஒன்று போட்டிருந்தார்கள். பலகையில் கோடுகள். மேலே கொடி. நண்டோட்டப் போட்டி. ஓடி முடித்த நண்டுகள் எல்லாம் கடலுக்கே திரும்பிப் போகும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. ஒருவரும் ஒன்றையும் தின்னப் போவதில்லை.

"இது நீராவிக் குளியல்," என்றேன். "எங்கள் நாட்டில் பந்தய நண்டுகளுக்குப் போட்டிக்கு முன்னால் காட்டுவோம். வாசம் பிடித்தால் போதும். ஓட்டம் வரும்."

அவள் யோசித்துவிட்டுத் தன் நண்டையும் சட்டிக்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்தாள். இதனால்தான் நான் டெனிஷ்காரரை மதிக்கிறேன்.

இனிப் போட்டியில் சேராமல் தப்ப வழியில்லை. சபாரத்தினம் வாளிக்குள் கையை விட்டு ஆகப் பெரிய நண்டை அள்ளினான். நண்டு அவனுடைய சுட்டுவிரலை அள்ளியது. அவன் போட்ட சத்தத்தில் கொடி ஒருதரம் எதிர்ப்பக்கம் ஆடியது. உதறினான், குதித்தான், காற்சட்டை மூன்றும் தடுக்கி விழுந்தான். நண்டு விடவில்லை. நான் இழுத்தேன்; அது இன்னும் இறுக்கியது. விரல் நீலமாகிக்கொண்டு வந்தது.

குடிசையின் திரைச்சீலை விலகியது.

"இழுக்காதையடா மடையா! கால் கழண்டிடும்!"

விரலைச் சொல்லவில்லை, நண்டின் காலைச் சொன்னான். வெறுங்காலோடு வந்த சூசை சபாரத்தினத்தின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு இறங்குதுறைச் சரிவால் போனான். தண்ணீர் முன்னால் வந்தது. அவன் நிற்கவில்லை. கணுக்கால், முழங்கால் என்று இறங்கி, சபாரத்தினத்தின் கையைத் தண்ணீருக்குள் அமுக்கினான்.

"ஆட்டாம வையடா. தண்ணி பட்டா அதுக்குப் பயம் போயிடும். தானா விடும்."

விட்டது. நண்டு ஓட முதல் சூசை அதன் முதுகைப் பின்பக்கமாக இரண்டு விரலால் பிடித்து மேலே தூக்கினான். முழங்கால் தண்ணீரில் நின்றபடியே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அது பெண் நண்டு.

"விடாத சாதி," என்றான். "இதை விடுவம், ஓட."

ஒலிபெருக்கியோடு நின்ற சிவப்புச் சட்டைக்காரர் ஒவ்வொரு நண்டுக்கும் பெயர் கேட்டுக்கொண்டு வந்தார். இங்கரின் நண்டுக்குக் கப்டன் என்று பெயர். எங்கள் முறை வந்தது. சபாரத்தினம் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன், நல்ல பெயர் ஒன்று வைத்திருந்தேன். எனக்கு முன்னால் சூசை சொன்னான்:

"பவளக்கா."

சபாரத்தினம் விரலைச் சூப்புவதை நிறுத்தினான்.

சிவப்புச் சட்டைக்காரர் இரண்டு தரம் சொல்லிப் பழகினார். பிறகு ஒலிபெருக்கியில், "பவலக்கா!" என்று அறிவித்தார். சூசை தலையாட்டினான். "பவள," என்றான், நாக்கை மடித்துக் காட்டி. அந்த மனிதர் திரும்பவும் சொன்னார். மூன்றாம் தரம் சரியாக வந்தது.

எல்லாரும் தங்கள் நண்டின் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் வைத்து விட்டார்கள். நண்டுகள் தங்கள் வழக்கப்படி பக்கவாட்டில் ஓடி ஒன்றோடொன்று மோதின. சில பலகையால் விழுந்து சனத்தின் சப்பாத்துக்குள் ஒளித்தன. இரண்டே பேர்தான் நண்டின் தோள் தண்ணீரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்கள். ஒன்று இங்கர். மற்றது சூசை. இருவரும் ஒருவரையொருவர் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

கப்டன் முந்தினான். எங்களுடையது பாதிப் பலகையில் நின்றுவிட்டது. கொடுக்கைத் தூக்கிச் சுற்றிவரப் பார்த்தது.

"வாங்கோ அக்கா," என்றான் சூசை மெல்ல. அது அசையவில்லை. "பவளக்கா, வாங்கோ!" சத்தம் உயர்ந்தது. "நிக்காதேங்கோ! அங்க நிக்காதேங்கோ! பவளக்கா! தண்ணிக்கு வாங்கோ!"

அவனுடைய குரலில் என்ன இருந்தது என்று அந்தச் சனத்துக்குத் தெரியாது. ஆனால் ஏதோ இருந்தது என்று தெரிந்தது. முதலில் ஒரு சின்னப் பெண் சேர்ந்தாள். பிறகு அவள் தகப்பன். பிறகு ஒலிபெருக்கி. கொஞ்ச நேரத்தில் அந்தத் துறைமுகம் முழுவதும், கடைசியில் தன் நண்டை மறந்துவிட்டு இங்கரும் சேர்த்து, கையைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார்கள்: "பவளக்கா! பவளக்கா!"

நான் பல கதைகள் சொல்லியிருக்கிறேன். இந்த இடத்தில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

அது கொடுக்கை இறக்கியது. பிறகு ஓடியது. கப்டனைத் தாண்டி, பலகையின் நுனியைத் தாண்டி, தண்ணீருக்கு முன்னால் வைத்திருந்த வாளிக்குள் பொத்தென்று விழுந்தது. சபாரத்தினம் என்னைக் கட்டிப்பிடித்தான். யாரோ எங்கள் இருவரையும் கட்டிப்பிடித்தார்கள். கோடைக்கு வந்த ஒருவரின் நாயும் குரைத்தது. மேகம் ஒன்று விலகி வெயில் எங்கள் மூன்று பேருக்கும் மட்டும் அடித்தது. சூசையின் கழுத்தில் பொன்நிறம் பூசிய மர நண்டு ஒன்றைத் தொங்கவிட்டார்கள். அவன் அழுதான், சிரித்தான், என்னைப் பார்த்து, "வயலுக்குத் தண்ணி பாய்ச்சுற கப்பலாம், பேயன்!" என்று தொடங்கி, இங்கே எழுத முடியாத நீளத்துக்குப் பேசினான். எனக்குக் காது குளிர்ந்தது.

சட்டிக் குழம்பு நண்டில்லாமல் கொதித்து முடிந்திருந்தது. கறுப்புப் பாண் ரொட்டியைத் தோய்த்து ஊரே தின்றது. இங்கர் கண்ணீர் வடிய வடிய மூன்றாம் தரமும் கேட்டாள். சூசை சட்டியை வழித்துவிட்டு, "நண்டு இல்லாத நண்டுக் குழம்புக்கு இவ்வளவு தேங்காய்ப்பால் விட்டவன் ஆர்?" என்றான்.

"இவன்தான்," என்றோம் நானும் சபாரத்தினமும் ஒரே நேரத்தில்.

வென்றவர் தன் நண்டைத் தானே கொண்டுபோய் விடவேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். சூசை வாளியோடு எழுந்தபோது சபாரத்தினம் போனை எடுத்து மேரிகிறேஸின் எண்ணை அமத்தி அவன் காதில் வைத்தான்.

"கிறேஸ்," என்றான் சூசை.

"ஆர் கதைக்கிறது?" என்று அவள் கேட்டது எங்களுக்கும் கேட்டது.

அவன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். குனிந்து வாளியைச் சரித்தான். நண்டு போகவில்லை; அவன் நீட்டிய விரலைப் பிடித்துக்கொண்டது. கையைத் தண்ணீருக்குள் வைத்தான். தண்ணீர் பட்டால் தானாக விடும் என்று சொன்னவன் அவன்தான். நாங்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அது விடவில்லை; அவனும் உதறவில்லை. குனிந்தபடியே, கை தண்ணீருக்குள் இருக்க, கதைத்துக்கொண்டே நின்றான். இறங்குதுறையில் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்த சிவப்புச் சட்டைக்காரர், அணைக்க மறந்த ஒலிபெருக்கியில் அந்தப் பெயரை இன்னும் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். மறுகரையில் மாடுகள் தலையைத் தூக்கின.