பிணத்தின் மேனேஜர்

"உனக்கு மேனேஜர் யாரும்மா?"

அமிர்தவல்லி அக்கா இப்படிக் கேட்டபோது, ஒரு சீரியல் கல்யாணத்தில் கூட்டத்தோடு கூட்டமாக அட்சதை போட்டுவிட்டு வெளியே வந்திருந்தேன். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை உள்ள ஷூட்டிங் பங்களாக்களுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் அவர். அவர் சேர்த்துக்கொண்டால்தான் கூட்டத்தை விட்டு வெளியே வந்து ஒரு வேஷம் கட்டலாம். நான் வேறொன்றும் கேட்கவில்லை, அது போதும். நானாகப் பேச வராது. யாராவது எழுதிக் கொடுத்தால் பேசிவிடுவேன் என்று ஒரு நம்பிக்கை.

ஆனால் யாராவது எதையாவது கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பத்தாவதில் பள்ளிக்கூடத்தை விட்டதே அதனால்தான். அன்றைக்கும் கை மட்டும்தான் நீண்டது. அது நீண்ட பக்கம், என் அம்மாவின் தம்பி ஜெரோம் மாமா தன் ஷேர் ஆட்டோவில் சாய்ந்துகொண்டு டீயில் பன்னை முக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாளே மாமா கூலிங் கிளாஸ் வாங்கிவிட்டார். சிறுசேரிக்குப் போகும் ஐ.டி. பிள்ளைகளிடம், "கொஞ்சம் தள்ளி குந்து சார், ஆர்ட்டிஸ்ட் விஷயமா போன் வரும்" என்பார்.

"டேய், அவளுக்கு ஒரு வேஷமும் வரல. நீ இன்னாத்த மேனேஜ் பண்ணிகினு கீற?" என்று அம்மா கேட்டாள்.

"வரும்க்கா. வர்றப்ப மேனேஜர் இல்லன்னா அசிங்கம்."

வந்தது. வசனம் கிடையாது, படுத்தே இருந்தால் போதும் என்றார்கள். மாமா தெரு முழுக்க, "பேஷண்ட் கேரக்டரு. புல்லா பெட்டுலதான்" என்று சொல்லிவிட்டார்.

மாமல்லபுரம் பக்கத்துப் பங்களாவில் போய் இறங்கினால், ஹாலின் நடுவே ஐஸ் பெட்டி. பக்கத்தில் ரோஜா மாலை. கதாநாயகியின் நாத்தனார் செத்துப்போகிறாள். நான்தான் அந்த நாத்தனார்.

"இன்னா மேடம் இது! எங்க வூட்டுப் பொண்ண பொணமாக்கறீங்க?" மாமா கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டார். "சரி, நடுவுல கண்ண தொறந்து ஒரே ஒரு டயலாக் பேசட்டும்."

"பொணம் எப்படி அண்ணாத்த பேசும்?" என்றார் அமிர்தவல்லி அக்கா.

"எங்க பொண்ணு உயிரோட கீறப்பவே பேசாது மேடம். அதான் கேக்கறேன்."

நான் அதற்குள் பெட்டியில் படுத்துவிட்டேன். ஈ ஒன்று மூக்கில் உட்கார்ந்து உதடு வரை நடந்து போனது. நான் அசையவில்லை. ஒரே டேக்கில் செத்து முடித்தேன்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. பிணமாக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமாம். பூசணிக்காய் வேறு உடைப்பார்கள். இல்லையென்றால் ஆகாதாம். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். உதடு வரைக்கும் வந்த சிரிப்பு உள்ளே ஓடிவிட்டது. "சிரிம்மா, வெளிச்சம் போவுது!" என்று டைரக்டர் கத்தினார். அவர் கத்தக் கத்த என் முகம் பிணமாக இருந்ததைவிட மோசமாகிக்கொண்டே போனது.

"பூசணிக்காவ இங்க குடுப்பா. மேனேஜர்தான் ஒடைக்கணும்" என்று மாமா லைட்மேனிடமிருந்து பிடுங்கினார்.

"நீங்க சர்ச்சுக்குப் போறவங்க இல்ல?" என்றார் லைட்மேன்.

"போவோம். அதுக்காவ ரிஸ்க் எடுக்க முடியுமா?"

என் தலையைச் சுற்றிவிட்டுப் புல்தரையில் ஓங்கிப் போட்டார். அது உடையவில்லை. சரிவில் உருண்டு, கேட்டைத் தாண்டி, கடலைப் பார்த்து ஓடியது. "ஏய், நில்லு! நில்லுன்றேன்ல!" என்று மாமா ஒரு செருப்போடு அதன் பின்னால் ஓடினார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

மேக்கப்பைத் துடைக்கும்போது அமிர்தவல்லி அக்கா வந்தார். "ஈ ஒக்காந்தும் அசையல நீ. அடுத்து ஒரு நர்ஸ் வேஷம் கீது, நாலு வரி பேசணும். உன்ன நான் சேத்துக்கறேன். ஆனா உனக்காவ நான் ஒருத்திதான் பேசுவேன், அந்தாளு வேணாம். அவருகிட்ட நீயே சொல்லிடு."

நான் தரையைப் பார்த்தேன்.

"இத சொல்ல முடியலன்னா நாலு வரிய எப்படிப் பேசுவ?"

வழி முழுக்க மாமா பேசிக்கொண்டே வந்தார். அடுத்த வேஷத்துக்குச் சம்பளத்தை ஏற்றுவாராம். ஆட்டோவின் பின்னால் என் போட்டோவை ஒட்டுவாராம். பூசணிக்காய் ஐடியாவே தன்னுடையதுதானாம். நான் பின்சீட்டில் ஒரே வாக்கியத்தை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கேளம்பாக்கம் சிக்னல் தாண்டி எங்கள் தெருவுக்குள் வண்டி திரும்பிவிட்டது.

வீட்டு வாசலில் நின்றதும் சொன்னேன். "மாமா, அடுத்த ஷூட்டிங்குக்கு நீ வராத. இனிமே அமிர்தவல்லி அக்காவே பாத்துக்குவாங்க."

தடுமாறாமல் வந்தது.

மாமா ஆட்டோக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். இறங்கி, என் துணிப்பையை எடுத்துப் படியில் ஈரமில்லாத இடமாகப் பார்த்து வைத்தார்.

"டேய் ஜெரோமு, மீன் கொழம்பு கீது, துன்ட்டு போ" என்று அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

மாமா வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.