வடக்கு அழிந்த கல்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து உம்மே ஹானி ஆய்வகத்தைத் திறந்தபோது, மேசை மேலிருந்த அவளுடைய கல்லை யாரோ குளிப்பாட்டிச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். நுண்ணோக்கிக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, அலமாரிப் பூட்டுக்கும் ஒரு பொட்டு. மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அன்று கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கல்லின் மேல் சாக்பீஸால் போட்டு வைத்திருந்த அம்புக்குறியைக் காணோம்.

வடக்கே ஒரு மணற்கல் குவாரியிலிருந்து அவளே கொண்டுவந்த பலகைக்கல் அது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த இடம் பாலைவனம். மணல்மேட்டின் சரிவில் தேள் போல ஏதோ ஒரு பூச்சி நடந்து போயிருக்கிறது. பூச்சி மிஞ்சவில்லை, அதன் கால் தடம் மட்டும் கல்லாகிவிட்டது. காய்ந்த மணலில் அத்தனை துல்லியமாகத் தடம் நிற்காது, சரிந்து மூடிவிடும். நின்றிருக்கிறது என்றால் அன்று மணலில் ஈரம் இருந்திருக்க வேண்டும். அந்தப் பாலைக்கும் ஆண்டவன் எப்போதோ மழையோ பனியோ கொடுத்திருக்கிறான் என்பதற்கு அந்த அற்பப் பூச்சியே சாட்சி. சரிவு எந்தத் திசையைப் பார்த்தது என்று தெரிந்தால், மணலைக் குவித்த காற்று எங்கிருந்து வீசியது என்றும் சொல்லிவிடலாம். வடக்கு எது என்று காட்டும் அம்புக்குறி அதற்குத்தான். பாதி ஈரம், பாதி காற்று. இரண்டும் சேர்ந்தது அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேட்டின் ஐந்தாவது அத்தியாயம். பதினொரு மணிக்கு அடையாறிலுள்ள அவளுடைய கல்லூரியின் ஆய்வுக் குழு முன்னால் அதை அவள் நிலைநாட்டியாக வேண்டும்.

வராந்தாவில் தேவானை தரை பெருக்கிக்கொண்டிருந்தாள். துறையின் துப்புரவுப் பணியாளர்.

"தேவானக்கா, என் கல்ல யாரு கழுவினது?"

"நான்தான். வேற எவ கழுவுவா? ஒரே தூசி. பிரஷ் போட்டுத் தேச்சேன். பளபளன்னு கீதுல்ல?"

"யாரக் கேட்டுத் தொட்டீங்க?"

தேவானையின் முகம் சுருங்கியது. "பூஜைக்குத் தொடைக்க யாராண்ட கேக்கணும்? ஓ... பொட்டு வச்சதுதான் ஒனக்கு ஆவலியா? எங்க சாமி ஒன்ன இன்னா பண்ணிச்சி?"

"பொட்டப் பத்தி நான் பேசவே இல்ல! அதுல ஒரு கோடு போட்டு வச்சிருந்தேன். அந்தக் கோடு போச்சு."

"கோடாம் கோடு! எங்க ஹவுசிங் போர்டு பிளாக்ல பசங்க செவுத்துல கிறுக்குற மாதிரி சாக்பீஸ்ல கிறுக்கி வச்சிட்டு, என்னாண்ட வந்து மல்லுக்கு நிக்கிறியே. படிச்ச பொண்ணு பேசுற பேச்சா இது?"

"படிக்காதவங்க கையில மாட்டினா இப்டித்தான் ஆகும்."

சொல் வாயை விட்டுப் போன பிறகுதான் அதன் கூர்மை அவளுக்குத் தெரிந்தது. தேவானை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். விடுமுறைக்கு முந்தின நாள் பொழுது சாயும் வரை நின்று ஒவ்வொரு கல்லாகத் தேய்த்தவள்.

வழிகாட்டியான பேராசிரியை சுப்புலக்ஷ்மியின் அறைக்குப் போய்க் குறி அழிந்ததைச் சொன்னதுமே கேள்வி வந்து விழுந்தது.

"திசையை நோட்டுல எழுதி வெச்சிருக்கியோ?"

"இல்ல மேடம். கல்லுலயே இருக்கேன்னு..."

"போட்டோ?"

"இருக்கு. காம்பஸ் வைக்காம எடுத்துட்டேன்."

"பேஷ்! அஞ்சு வருஷமா எங்கிட்ட இதைத்தான் கத்துண்டியா? மைலாப்பூர்ல காய்கறி விக்கறவகூட எந்தக் கூடையில எதுன்னு குறிச்சு வெச்சுக்கறா." ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். "எழுது. நான் பெயிண்ட்டால குறி போட்டிருந்தேன், பெருக்கறவ ஆசிட் ஊத்தித் தேய்ச்சு அழிச்சுட்டான்னு எழுதிக் கையெழுத்துப் போடு. கமிட்டி ஒண்ணும் சொல்லாது. வடக்கு எதுன்னு ஞாபகத்துலேருந்து சொல்லிக்கலாம்."

"அவங்க ஆசிட் ஊத்தல மேடம்."

"காண்ட்ராக்ட் ஆள்தானே! நாளைக்கே வேற ஒருத்தி வரப்போறா. உனக்கு அத்தியாயம் வேணுமா, வேண்டாமா? பத்து நிமிஷம் தரேன்."

தாளை எடுத்துக்கொண்டு ஹானி ஆய்வகத்தில் வந்து உட்கார்ந்தாள். குவாரி வெயிலில் மார்க்கர் காய்ந்துபோனது அவளுக்குத்தான் தெரியும். இப்போதைக்குச் சாக்பீஸ், சென்னைக்குப் போய் பெயிண்ட் என்று நினைத்தவள் அவள். இன்று நாளை என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டதும் அவளே. பேனாவைத் திறந்தாள், 'பெருக்கும் பெண்' என்று எழுதினாள். வேறொருத்தியின் சோற்றில் மண்ணைப் போட எத்தனை சின்ன வாக்கியம் போதுமாயிருக்கிறது! படைத்தவன் கண்ணுக்குத் தப்பி எந்தக் கையெழுத்தும் விழுவதில்லை என்று அவளுடைய அம்மா ராயப்பேட்டை வீட்டில் தினமும் சொல்வாள். ஹானி அந்த வார்த்தைகளை அடித்தாள். கீழே எழுதினாள்: 'திசைக்குறியைச் சாக்பீஸால் போட்டதும், குறிப்பேட்டில் பதியாததும் என் தவறு. வடக்கு எது என்று இப்போது எனக்குத் தெரியாது.'

பதினொரு மணிக்குக் கீழ்த்தளத்து அறையில் குழு கூடியது. அந்தத் தாளைப் படித்துவிட்டு, வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த உறுப்பினர் புகழேந்தி கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"தைரியமா முட்டாள்தனமா இது?"

யாரோ சிரித்தார்கள். சுப்புலக்ஷ்மி சிரிக்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்துத் திசை?"

"சொல்ல முடியாது சார்."

"அப்ப பாதி அத்தியாயம் குப்பை."

"ஆமா சார்."

"மீதிக்கு என்ன ஆதாரம்?"

ஹானி கல்லை வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். "ஒவ்வொரு தடத்துக்கும் ஒரே பக்கமா மண் ஒதுங்கியிருக்கு சார். அதுதான் சரிவோட கீழ்ப்பக்கம். ஒதுங்கின மண்கூட உதிராம அப்படியே நிக்குது. காஞ்ச மணல் இப்டி நிக்காது. வடக்கு தெரியாமலே ஈரத்த நிரூபிக்க முடியும்."

அவர் விரலால் தடவிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"காத்த வெட்டிடு. ஈரத்த மட்டும் எழுதி மார்ச்சுக்குள்ள கொண்டா. இன்னொரு தடவ சாக்பீஸோட வந்தா நானே வெளிய அனுப்பிடுவேன்."

வெளியே வந்ததும் சுப்புலக்ஷ்மி சொன்னார்: "இனிமே என் ரூமுக்கு வராதே. மெயில் அனுப்பு, போறும்." செருப்புச் சத்தம் வராந்தாவின் கோடி வரை கேட்டது.

தாளில் என்ன எழுதியிருந்தது என்று தேவானைக்கு யாரும் சொல்லவில்லை, ஹானியும் சொல்லவில்லை. தேவானை படிக்கட்டின் அடியில் வாளியோடு நின்றிருந்தாள். ஹானி கல்லைக் கீழே வைத்துவிட்டு எதிரே போய் நின்றாள்.

"காலைல நான் பேசினது தப்புக்கா."

"தப்புதான்," என்றாள் தேவானை. முகம் திரும்பவில்லை. பிறகு வாளியை ஓரமாகத் தள்ளிவிட்டு, கல்லின் ஒரு முனையைப் பிடித்தாள். "அந்தப் பக்கம் புடி. கால்ல போட்டுக்காத. போட்டுக்கினா அதுக்கும் என்னியதான் சொல்லுவ."

இரண்டு பேரும் ஏறினார்கள். பாதிப் படியில் தேவானை மூச்சு வாங்க நின்றாள்.

"இதுல இன்னாதான் கீது, இந்தக் கூச்சல் போட?"

"ஒரு பூச்சி நடந்து போன தடம்க்கா."

"அது செத்துப்போச்சா?"

"எப்பவோ."

தேவானை குனிந்து பார்த்தாள். "பாவம்," என்றாள். மேலே ஏறும்போது தடத்தின் மேல் படாமல் கையைச் சற்றே தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.