எஸ்றாவின் சந்தா

"இரண்டாயிரத்து எழுநூத்தி அறுவது ரூவா," என்றார் இஸ்ரவேல் மூப்பர், பேரேட்டிலிருந்து விரலை எடுக்காமல். "மாசம் நாப்பது, அறுவத்தொம்பது மாசம். ஒங்கய்யா ஒத்தக் காசு கட்டல, யோபு."

யோபு தலையைக் குனிந்துகொண்டான். அப்பா எஸ்றா விடியலில் இறந்திருந்தார். அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்து இடம் தனக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். சந்தா பாக்கி உள்ளவருக்குச் சபைக் கல்லறையில் இடமில்லை என்பது அந்தப் பிரஸ்பிட்டேரியன் கோயிலின் பழைய சட்டம். பெயர்ப்பலகை மூன்று தடவை மாறிவிட்டது. சட்டம் மாறவில்லை.

மூப்பர் பேரேட்டின் பழைய ஏடுகளைப் புரட்டினார். வெள்ளைக்காரப் பாதிரியார் மாட்டுவண்டியில் வந்து பதினான்கு குடும்பங்களைச் சேர்த்த வருஷத்திலிருந்து எல்லாம் அதில் இருந்தது.

"இந்தா, ஒங்க பாட்டன் கைநாட்டு. காசில்லாத வருசம் வரகு அளந்துருக்காரு. பஞ்சத்துலகூட ஒரு படி கொறையல. அவரு வம்சத்துல இப்புடி."

வெளியே மண்வெட்டியோடு நின்ற பாலாஜி குரல் கொடுத்தான். "மூப்பரே, குழிய வெட்டவா, கணக்க வெட்டவா? வெயிலு ஏறுதுங்க."

எஸ்றாவுக்கு எழுத்துத் தெரியாது; கோயில்வரை நடக்கவும் முடியாது. மாதாமாதம் நாற்பது ரூபாயை எண்ணி மகனிடம் கொடுப்பார். ஆராதனை முடிந்து அவன் வந்ததும், "ரசீதப் படிடா" என்பார். கல்லுடைத்துக்கொண்டே முப்பத்தைந்து வயதில் எழுத்துக் கூட்டப் பழகிய மகன் படிப்பதைக் கேட்க அவருக்கு ஆசை. யோபு ஒரே பழைய ரசீதை வைத்துக்கொண்டு மாதத்தை மட்டும் மாற்றிப் படித்தான். "நன்றியுடன் பெற்றுக்கொண்டோம்" என்ற இடத்தில் எஸ்றா கண்ணை மூடித் தலையாட்டுவார். பணத்தைக் குவாரிக்கு எதிரே இருந்த சாராயக் கடையில் குடித்துத் தீர்த்தான்.

"மாமா மாசாமாசம்..." என்று தொடங்கினாள் வாசலில் நின்ற யோபுவின் மனைவி சுவாதி. அவன் திரும்பிப் பார்த்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னம்மா?" என்றார் மூப்பர்.

யோபு வாயைத் திறந்தான்.

"குடிக்கத் தண்ணி இருக்குங்களா?"

மூப்பர் சொம்பை நகர்த்தி வைத்தார். "பாவம், கைல இல்லன்னு சொல்லக்கூட கூச்சப்பட்டுருக்காரு மனுசன். ஏழைன்னு எழுதித் தள்ளிருவோம். எனக்குக் கை நடுங்குது. நீதான் எழுத்துப் படிச்சவனாச்சே, எழுது."

யோபு பேனாவை வாங்கினான். ஒவ்வொரு எழுத்தாக எழுதினான்: எஸ்றா. ஏழை. கட்ட வலியில்லை.

மூப்பர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "வலி இல்லப்பா. வழி."

அவன் 'லி'யை அடித்து, மேலே 'ழி' போட்டான். மூப்பர் சிவப்பு மையில் அறுபத்தொன்பது கட்டங்களின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"தீந்துச்சு. போயி ஒங்கய்யாவக் குளிப்பாட்டுங்க."

யோபு நகரவில்லை. மூப்பர் குனிந்து, மை காய ஊதிக்கொண்டிருந்தார்.