அப்பா கேட்காத கேள்வி

உணவகத்தின் பின்கட்டில் தட்டு கழுவும் இயந்திரம் ஒன்று இருந்தது. எச்சில் தட்டுகளைச் சட்டத்தில் நிமிர்த்தி அடுக்கி, உள்ளே தள்ளி, மூடியை இறக்கினால் போதும்; மற்றதை அது பார்த்துக்கொள்ளும். முதலில் சோப்புத் தண்ணீர் மேலிருந்தும் கீழிருந்தும் அடிக்கும். கடைசியில் கை வைக்க முடியாத கொதிநீர் ஒரு சுற்று. சூட்சுமமே அந்தச் சூட்டில்தான். வெளியே வந்த தட்டின் ஈரம் அதன் சூட்டிலேயே ஆவியாகிவிடும். துடைக்க ஆள் வேண்டாம்.

அவள் கடல் கடந்து படிக்க வந்தது புள்ளியியல். தட்டு கழுவுவது மாலை வேலை. சேர்ந்த வாரமே இந்த இயந்திரத்தைப் பற்றி அப்பாவுக்குக் குரல் செய்தி அனுப்பினாள். மறுநாளே அப்பாவின் குரல் வந்தது.

"எல்லாம் சரி, இன்ஸ்பெக்டரம்மா. கழுவின அழுக்குத் தண்ணி எங்க போகுது? அதையேதான் திருப்பித் திருப்பி அடிக்குதா, இல்ல ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணியா?"

அவளுக்குத் தெரியவில்லை. சமையற்காரரைக் கேட்டாள், தட்டு வெள்ளையாக வந்தால் சரி என்றார் அவர். கடைசியில் பழுது பார்க்க வந்தவரைப் பிடித்தாள். சோப்புத் தண்ணீர் அடித்தொட்டியில் வடிகட்டி வழியாக விழுந்து மறுபடி மேலே ஏறுகிறது. கொதிநீர் மட்டும் எப்போதும் புதிது. அது விழுந்து விழுந்துதான் தொட்டித் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. அதைச் சொல்லி அனுப்பினாள். "அப்ப வடிகட்டியை யாரு கழுவறது?" என்று அப்பா அடுத்ததைக் கேட்டார். அது அவள்தான். "நல்லா மாட்டினே," என்று இருமலும் சிரிப்புமாக இன்னொரு செய்தி வந்தது.

அப்பா லிப்ட் மெக்கானிக். அந்த வேலையில் அவர் பயந்தது ஒரே ஒருவருக்குத்தான். புது லிப்டுக்குச் சான்று கொடுக்க வந்து, குடைந்து குடைந்து கேள்வி கேட்கும் இன்ஸ்பெக்டருக்கு. சின்ன வயதில் அவள் கேட்ட கேள்விகளைத் தாங்க முடியாமல் அந்தப் பட்டத்தை அவளுக்குச் சூட்டினார். அவள் ஊரைவிட்டு வந்த பிறகு வேலை கைமாறிவிட்டது. இப்போது கேட்பவர் அவர். ஓடி ஓடி விசாரித்து ஆஜர்படுத்துபவள் அவள்.

ஞாயிறு தோறும் எங்காவது கிளம்பிவிடுவாள். மாணவர் சலுகைச் சீட்டுக்கு எட்டும் தூரம் எதுவும் பாக்கியில்லை. அறைத் தோழி கூடவே வருவாள், பாதி வழி தூங்கிக்கொண்டு. பேருந்து குலுங்கினாலும் இமை திறக்காத அவளுக்குக் கும்பகர்ணி என்று பெயர்.

"உலகமே கோபுரத்துக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுக்குது. நீ மட்டும் மெஷினுக்குப் பின்னாடி போய் எட்டிப் பார்க்கறே. போலீஸ் பிடிச்சா, யாருன்னே தெரியாதுன்னு சொல்லிடுவேன்."

"நீ முழிச்சிருந்தாத்தானே சொல்லுவே!"

கப்பல் வந்தால் திறந்து வழிவிடும் பாலத்தை அப்படித்தான் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய பாலத்தைத் தூக்குவது ஒரு சின்ன மோட்டார். மறுமுனையில் ஏறக்குறைய பாலத்தின் எடைக்குச் சமமாக இரும்புக் கட்டிகள் தொங்குகின்றன. இரண்டு தட்டும் சமமாக நிற்கும் தராசை ஒரு விரலால் சாய்ப்பது போலத்தான். அப்பா குஷியாகிவிட்டார். "இது நம்ம லிப்ட் சங்கதியேதான்! அதுலயும் எதிர்ப்பக்கம் எடை தொங்குதே! மழையில பாலம் நனைஞ்சா எடை ஏறுமே, அதுக்கு என்ன பண்ணுவாங்களாம்?"

அதற்கு அவள் பதில் தேடிக்கொண்டிருந்தபோது தம்பி எழுதினான். அப்பாவுக்குத் தொண்டையில் புண். கொஞ்ச நாள் பேசவே கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். முகம் பார்த்துப் பேசவும் வழியில்லை. வீட்டுப் போனின் கேமரா கெட்டுவிட்டதாம். அதன் பிறகு அப்பாவின் எண்ணிலிருந்து எழுத்தில்தான் பதில் வந்தது. சலவைக்கடை இயந்திரத்துக்கு "அருமை." சாலை விளக்குகள் இருட்டை எப்படி அறிகின்றன என்பதற்கு "நல்ல தகவல்."

அவளுக்குச் சப்பென்று போயிற்று. வலியில் இருக்கிற மனிதரிடம் என்ன எதிர்பார்ப்பது என்று தன்னையே திட்டியும் கொண்டாள். பரீட்சை வேறு கழுத்துக்கு வந்துவிட்டது. இருந்தாலும் ஒரு ஞாயிறு, புத்தகத்தை மூடிவிட்டு மலை ரயிலைப் பார்க்கக் கிளம்பினாள். அப்பாவை வாய் திறக்க வைக்க அதைவிட நல்ல தூண்டில் கிடையாது.

மலைச்சரிவில் ஒரே தண்டவாளம். இரண்டு பெட்டிகள். ஒரே எஃகுக் கயிற்றின் இரு முனைகளில் இரண்டும் கட்டப்பட்டிருக்கும்; கயிறு உச்சியில் ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்றிப் போகும். ஒன்று இறங்குகிற எடையே மற்றதை ஏற்றிவிடும். கூடக்குறைய இருப்பதை மட்டும் மோட்டார் ஈடுகட்டும். லிப்டைப் படுக்கப் போட்டது போல. இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி அனுப்பினாள்.

ஒன்றை மட்டும் வேண்டுமென்றே சொல்லவில்லை. தண்டவாளம் ஒன்று, பெட்டி இரண்டு. ஏறுவதும் இறங்குவதும் நடுவழியில் முட்டிக்கொள்ளாதா? அந்த இடத்தில் மட்டும் பாதை இரண்டாகப் பிரிந்து சேர்கிறது. ஆனால் திருப்பிவிட ஆளும் இல்லை, கருவியும் இல்லை. ரகசியம் சக்கரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பக்கச் சக்கரங்களில் மட்டும் இருபுறமும் விளிம்பு. அவை தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு போகும். மறுபக்கச் சக்கரங்கள் வெறும் உருளை. ஒரு பெட்டிக்கு இடப்பக்கம் விளிம்பு, இன்னொன்றுக்கு வலப்பக்கம். ஆகவே இது எப்போதும் இடப்பக்கம் ஒதுங்கும், அது எப்போதும் வலப்பக்கம். ஓட்டுநரிடம் கேட்டு, குனிந்து பார்த்து, பதிலை மடியில் கட்டிவைத்திருந்தாள். அப்பா கேட்க வேண்டியதுதான் பாக்கி.

மறுநாள் மத்தியானம், கும்பகர்ணி பக்கத்துக் கட்டிலில் தூங்க, அவள் படித்துக்கொண்டிருந்தபோது பதில் வந்தது.

"அருமை. கயிறு அறுந்தால் பெட்டி கீழே விழுந்துவிடாதா?"

முதலில் சிரிப்பு வந்தது. மறுபடி படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

சின்ன வயதில் லிப்டில் ஏறப் பயந்து அவள் கேட்ட கேள்வி இது. அப்பா அவளை மொட்டைமாடியில் இருந்த இயந்திர அறைக்கே தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார். கரண்ட் இருக்கும் வரைதான் பிரேக் விட்டுக்கொடுக்கும். கரண்ட் போனால் ஸ்பிரிங் அதைத் தானாக இறுக்கிவிடும். கயிறே அறுந்தாலும், பெட்டி வேகம் பிடித்த உடனே கொக்கிகள் பக்கத்துத் தண்டவாளத்தைக் கவ்வும். "விழறதுக்கு வழியே வைக்கலடா கண்ணு." ஆயுசு பூராவும் அந்தக் கொக்கிகளுக்கு எண்ணெய் போட்ட மனிதர் அவர். சாகக் கிடந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்.

அந்த நினைப்பு வந்ததும் புத்தகத்தைத் தள்ளிவிட்டுப் போனை எடுத்தாள். தம்பியின் எண்ணை அழுத்தினாள்.

"அப்பாகிட்ட குடு."

"தூங்கறார்க்கா."

"எழுப்பு."

"ஊசி போட்டிருக்கு. எழுப்பக் கூடாது."

"கயிறு அறுந்தா என்ன ஆகும்னு கேட்டது யாரு?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. 

"நீதானே?"

"நல்ல கேள்விதானேக்கா?" என்றான் தம்பி. குரல் உடைந்திருந்தது. "ரொம்ப நேரம் யோசிச்சுத்தான் கேட்டேன்."

"டேய். அப்பா இருக்காரா?"

அவன் அழத் தொடங்கினான். பெரிய ஆண்பிள்ளையின் அழுகை அல்ல. சின்ன வயதில் முழங்காலில் அடிபட்டு ஓடி வருவானே, அந்த அழுகை. அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எப்போடா?"

"தொண்டைப் புண்ணுன்னு சொன்னோமே... அன்னிக்குக் காலையில. நெஞ்சு வலிக்குதுன்னார். ஆட்டோ ஏறும்போதுகூட என்கிட்ட வண்டி சத்தம் சரியில்ல, பெல்ட்டைப் பாக்கச் சொல்லுன்னார். ஆஸ்பத்திரி வாசல் தாண்டறதுக்குள்ள..."

அப்படியானால் பாலம்தான் அவர் கடைசியாகக் கேட்டது. சலவைக்கடையும் தெருவிளக்கும் மலை ரயிலும் அவர் இல்லாத வீட்டுக்கு அனுப்பியவை. எல்லாம் முடிந்து, சொந்தக்காரர்கள் கலைந்துபோய், வீடு கழுவிவிட்ட பிறகு அவள் ஒரு சலவை இயந்திரத்தைப் பற்றி உற்சாகமாகப் பேசி அனுப்பியிருக்கிறாள்.

"என்னைக் கேக்காம முடிவு பண்ண நீங்க யாருடா? நான் அவருக்கு யாரு? பக்கத்து வீடா?"

"அம்மாதான்... நீ கிளம்பி வந்துட்டா திரும்பப் போகமாட்டே, பரீட்சை போயிடும், அப்பா ஆசைப்பட்டதே அதுதானேன்னு... நான் என்னக்கா பண்ணுவேன்? நீ அனுப்பினது எல்லாத்தையும் அம்மா உக்காந்து கேக்கறாங்க. ஒண்ணும் புரியாது. இருந்தாலும் முழுசாக் கேக்கறாங்க. அக்கா, உனக்குத் தெரியும்னு அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். உன்கிட்ட மறைக்கணுமேங்கற ஒரு வேலை இருக்கறதாலதான் எழுந்து நடமாடறாங்க."

"யாருடா போன்ல? அக்காவா? இப்படிக் குடு." பின்னால் அம்மாவின் குரல். தம்பி மூக்கை உறிஞ்சுவதும் போன் கைமாறுவதும் கேட்டன.

"என்னம்மா, இந்த நேரத்துல? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"அப்பா குளிக்கப் போயிருக்கார். இப்பத்தான் போனார்."

தூங்குகிறார் என்று தம்பி சொன்னது அம்மாவுக்குத் தெரியாது. வீட்டுக்குள் இரண்டு பேரும் கலந்து பேசக்கூட இல்லாமல் ஆளுக்கொரு பொய்யாக அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள்.

அவள் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. "வெந்நீரா போட்டே?"

"வெந்நீர்தான். பச்சைத் தண்ணி ஆகாதுன்னு சொல்லியிருக்காரே டாக்டர்."

"நல்லா சாப்பிடறாரா?"

"நேத்து ராத்திரி கொஞ்சம் சாப்பிட்டார். உப்பு தூக்கல்னு சைகை காட்டினார். அந்தக் குறும்பு மட்டும் குறையல." அம்மா நிறுத்தவில்லை. வாசல் மணியைப் பிரித்துப் போட்டிருக்கிறாராம், ஸ்குரூ ஒன்று காணோமாம், கட்டிலுக்கடியில் தேடியதாம். அம்மா சொல்லச் சொல்ல அவர் அந்த வீட்டில் எழுந்து நடமாடினார். நிறுத்திவிடுவாளோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"கிடைச்சுதாம்மா, ஸ்குரூ?"

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அம்மா?"

"உன் குரல் ஏன் இப்படி இருக்கு?" என்றாள் அம்மா. பிறகு, மெதுவாக, "அவன் சொல்லிட்டானா?"

"ம்."

பரீட்சை, பட்டம், அப்பாவின் ஆசை என்று அம்மா ஆரம்பிக்கப் போகிறாள், எதிர்த்துப் பேச வேண்டும் என்று அவள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள்.

"வந்துடு," என்றாள் அம்மா. "என்னால முடியலடி. வந்துடு."

கும்பகர்ணி எப்போது விழித்தாள் என்று தெரியவில்லை. ஒன்றும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கித் தரையில் வைத்தாள். இவள் தன் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணை மேல் சாய்த்தாள்.

"வெச்சிடாதேம்மா."

"வெக்கல. அது என்ன சத்தம்?"

"பெட்டியோட ஜிப்."

"சரி. நீ எடுத்து வை. நான் இருக்கேன்."