டிசம்பருக்கு முந்தைய அறுபத்தேழு நாட்கள்

வேத்தியா இறந்த நாள் அடுத்த ஆண்டு ரோமாபுரிக்கு வரவில்லை. சலவைக்காரர் தெருவில் அவள் புருஷன் நொவியஸ் வீட்டுக்கு மட்டும் வந்தது. நவம்பரின் கடைசி நாள் முடிந்து தெருவுக்கு டிசம்பர் முதல் தேதி விடிந்தது. நொவியஸின் முற்றத்தில் விடிந்தது வேறு நாள். தெருவில் வெயில், முற்றத்தில் தூறல். காயப்போட்ட துணிகள் நனைந்தன. அவன் எடுக்கவில்லை.

இதற்கெல்லாம் தளபதிதான் காரணம். ஆயுதத்தோடு தாண்டக்கூடாத சின்ன ஆறு ஒன்று வடக்கே உண்டு. அவன் படையோடு தாண்டினான். செனட் உறுப்பினர்கள் வெள்ளிப் பாத்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெற்கே ஓடினார்கள். சட்டத்தை ஏற்ற வண்டியில் இடமில்லை. முதலில் பதினொரு நாளைக்குச் சர்வாதிகாரி என்றார்கள். பிறகு ஓர் ஆண்டு. பிறகு பத்து ஆண்டு. ஒவ்வொரு முறையும் கூட்டம் கைதட்டியது. நொவியஸும் தட்டினான், அதை நினைத்தால் அவனுக்கு உள்ளங்கை எரியும். பதவிக்கு நிற்கிறவர்கள் சுண்ணம் தேய்த்து வெளுத்த மேலாடை உடுத்தி ஓட்டுக் கேட்பது வழக்கம். அந்த வெளுப்பில் வேத்தியாவின் கைக்கு ஈடில்லை. இப்போது யாருக்கு எந்தப் பதவி என்று தளபதியே எழுதிக் கொடுத்தான். ஓட்டுக் கேட்க ஆளில்லை. சுண்ணத் தொட்டி காய்ந்து வெடித்தது. வேத்தியா ஆற்றங்கரைப் பாசறைக்குப் போய், அழுக்கு எடுக்க ஊற்றிய, முழங்காலளவு சில்லிட்ட மூத்திரத் தொட்டியில் நின்று படைவீரர்களின் கம்பளிகளை மிதித்தாள். இருமல் அங்கேதான் வந்தது.

பிறகு தளபதி ஆண்டையும் கையில் எடுத்துக்கொண்டான். அறுவடைத் திருவிழா அறுவடைக்கு முன்பே வந்துகொண்டிருந்தது உண்மை. யாராவது சரிசெய்யவேண்டி இருந்ததும் உண்மை. நவம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவே அறுபத்தேழு நாட்களை, இரண்டு மாதங்களாக, அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் செருகினான். அதில் இரண்டாம் மாதம் ஒன்பதாம் நாள் வேத்தியா இறந்தாள். சிதை அணைந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில், எதிர்வீட்டுக் கொண்டைக்கடலைக்காரி கல்வீனா ஆறுதல் சொன்னாள்: "அவன் அந்த ரெண்டு மாசத்தைச் செருகலைன்னா, அவ டிசம்பர்ல செத்திருப்பா தம்பி. அவ்வளவுதான் வித்தியாசம்."

அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது மறு ஆண்டு அக்டோபரில் தெரிந்தது. செத்தவர்களுக்கு அவரவர் நாளில் மதுவும், மதுவில் நனைத்த ரொட்டியும், உப்பும் வைக்கவேண்டும். வைக்காவிட்டால் அவர்கள் கீழே போய்ச் சேராமல் இடைவழியில் நிற்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். நொவியஸ் நாட்கணக்கு வைத்திருந்த பூசாரிகளின் அலுவலகத்துக்குப் போனான். குமாஸ்தா புதிய நாட்காட்டியை இரண்டு முறை பார்த்தான்.

"அந்த நாள் இனிமே வராதுய்யா. ஒரே ஒரு தடவைக்குன்னு போட்டது."

"என் பொண்டாட்டி செத்தாளே?"

"அதுவும் ஒரு தடவைதானே?"

பிப்ரவரியில் எல்லாச் செத்தவர்களுக்கும் பொதுவாக ஒன்பது நாள் இருக்கிறது, அதில் சேர்த்துக்கொள்ளலாம் என்றான் குமாஸ்தா. இல்லை, தளபதியின் பிறந்தநாளை எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு மதுவும் இலவசம். நொவியஸ் நேரே கல்லறைக்குப் போனான். மாடக்குழியிலிருந்து வேத்தியாவின் சாம்பல் பானையை எடுத்து, பட்டப்பகலில் இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். செத்தவர்களை ஊருக்குள் கொண்டுவருவது குற்றம். அவன் முகத்தைப் பார்த்த வாயிற்காவலர்கள் ஊறுகாய்ப் பானையா என்று மட்டும் கேட்டு வழிவிட்டார்கள்.

அதன் பிறகுதான் டிசம்பர் முதல் தேதி அந்தத் தூறல். தெருவில் ஒரு காலைப்பொழுது கழிவதற்குள் உள்ளே அறுபத்தேழு நாட்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆட்கள் வெளியே போனார்கள், வந்தார்கள், பழகிக்கொண்டார்கள். விடியலில் கறையோடு போட்ட துணி மதியத்துக்கு முன் இரண்டு மாத வெயில் கண்டு வெளியே வந்ததில் வாடிக்கையாளர்களுக்குத் திருப்தி. தளபதியின் ஆட்சி ஊர் நாட்காட்டியில் எண்ணித் தரப்பட்டது. முற்றத்து நாட்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே அங்கே சர்வாதிகாரி என்று யாரும் கிடையாது. இதை முதலில் கண்டுபிடித்தவள் கல்வீனா. கடலைக் கூடையோடு உள்ளே வந்து, தளபதியை அவன் வழுக்கையில் தொடங்கிப் பாதம்வரை திட்டித் தீர்த்துவிட்டு, லேசாகிப் போனாள். தெருவே வந்து திட்டியது. நொவியஸ் தொட்டியில் மிதித்துக்கொண்டே கேட்டான். ஒன்பதாம் நாளன்று மட்டும் எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான்.

ரொட்டியை மதுவில் நனைத்தபோது கதவை உதைத்துக்கொண்டு ஓர் அதிகாரி வந்தான். கையில் எழுத்து கீறிய மெழுகுப் பலகை. அனுமதி இல்லாத நாட்களை உடனே நிறுத்தி, பானையையும் ஒப்படைக்கவேண்டும் என்பது உத்தரவு.

"எந்தத் தேதி போட்டிருக்கு?" என்று கேட்டான் நொவியஸ்.

"டிசம்பர் ஒண்ணு."

"அது இன்னும் வரலை. உட்காரு."

அதிகாரி பலகையைப் பார்த்தான். எழுத்து இல்லை, மெழுகு மழமழவென்று இருந்தது. நிறைவேற்றாமல் வெளியே போக அவனுக்கு அனுமதியில்லை. நிறைவேற்றத் தேதியில்லை. உட்கார்ந்தான். நொவியஸ் அவன் பக்கம் திரும்பாமல் பானைக்கு மதுவை ஊற்றினான், உப்பை வைத்தான், அவள் பேரை மூன்று முறை கூப்பிட்டான். நான்காவது முறை வாய் திறந்தபோது அவன் குரல் கத்தலாக மாறியது. ஆறு தாண்டியவனை, நாட்களைச் செருகியவனை, கைதட்டிய எல்லாரையும், தன்னையும் சேர்த்துத் திட்டினான். அதிகாரி எழுந்து நின்றுவிட்டான். மறுநாள் முதல் அவனையும் தொட்டியில் இறக்கி மிதிக்கவிட்டார்கள். டிசம்பர் பிறந்ததும் பலகையில் எழுத்துத் திரும்பியது, ஆனால் நிறுத்துவதற்கு நாட்கள் மிச்சமில்லை. பானை எங்கே என்று அவன் கேட்கவில்லை. காலையில் உள்ளே போனவன் சற்று நேரத்தில் ஒரு மாதத் தாடியோடு வந்ததைப் பார்த்து வாசலில் நின்ற ஏவலாட்கள் தங்கள் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

பிப்ரவரியில் தளபதிக்குச் சாகும்வரை பதவி என்றார்கள். மார்ச்சில் செனட் உறுப்பினர்களே அவனைக் குத்தி, அந்தக் காலத்தை முடித்துவைத்தார்கள். சட்டம் திரும்பும் என்று இரண்டு நாள் பேச்சு அடிபட்டது. திரும்பவில்லை. குத்தியவர்கள் ஓடினார்கள், செத்தவன் பேரை ஒரு மாதத்துக்கு வைத்தார்கள், அடுத்த ஆண்டு ஒருவன் இருந்த இடத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். மூவரும் வெள்ளைப் பலகையில் பேர்களை எழுதித் தொங்கவிட்டார்கள். பேர் இருந்தவனை யாரும் கொல்லலாம். கொல்லப்பட்டவனுக்காக யாரும் அழக்கூடாது. கல்வீனாவின் மகன் பேர் இரண்டாம் பலகையில் இருந்தது.

அந்த டிசம்பர் முதல் தேதியும் முற்றத்தில் தூறியது. ஒன்பதாம் நாள் நொவியஸ் கதவைச் சாத்தப் போனபோது கல்வீனா வாசலில் நின்றாள். கையில் கடலைக் கூடை இல்லை, துணி சுற்றிய பானை. அவளுக்குப் பின்னால் தெருவிலிருந்தும் அடுத்த தெருக்களிலிருந்தும் பானைகளோடு ஆட்கள். சாம்பல் கிடைக்காதவர்கள் செருப்போ சீப்போ கொண்டுவந்திருந்தார்கள்.

நொவியஸ் அவர்களை எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு கதவை மட்டும் திறந்தால் போதாது என்று கண்டு இரண்டையும் திறந்தான்.

"ஈரத் துணிமேல படாம நடங்க," என்றான். "இன்னைக்கு முழுநாளும் இருக்கு. மெதுவா அழுங்க."